பொங்காத மாவு

பழனிக்கு நடந்து போகிறவர்கள் இளைப்பாறிச் செல்லும் சின்ன ஆசிரமம் அது. குருவுக்கு நாற்பது வயது. சமையல் பார்க்கும் சீடர் பொன்னுரங்கத்துக்கு அறுபத்திரண்டு. அதனால் குரு அவரைப் "பெரியவரே" என்றுதான் கூப்பிடுவார்.

பொன்னுரங்கம் முப்பது வருடம் ஓட்டலில் இட்லி போட்டவர். பெண்டாட்டியைக் குறை சொன்னால்கூடப் பொறுப்பார், மாவைச் சொன்னால் பொறுக்க மாட்டார்.

குருவின் ஒரு வழக்கம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. தினமும் ஒரு சொம்பு மாவைத் தொட்டியில் சேர்த்த மழைநீரில் ஆட்டித் தனியே வைக்க வேண்டும். மற்றதெல்லாம் கிணற்று நீரில் ஆட்டி அண்டாவில்.

"எதுக்கு சாமி இது?"

"பார்த்துட்டே இருங்க, பெரியவரே."

நான்கு வருடம் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலப் பொங்கின. பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டார்.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருந்தது. விடிகாலையில் பொன்னுரங்கம் அண்டாவைத் திறந்தார். மாவு கரைத்த சுண்ணாம்பாய் அப்படியே கிடந்தது. முந்நூறு பேர் பசியோடு வந்துகொண்டிருந்தார்கள். மானம் போய்விடுமே என்று ஆப்பசோடாவைக் கைநிறைய அள்ளிப் போட்டுக் கலக்கினார். மாவு நுரைத்து எழுந்தது.

குரு வந்து குனிந்து மோந்து பார்த்தார்.

"புளிப்பு வாசமே இல்லையே?"

"பனி சாமி. தைப்பனி தரையைத் துளைக்கும்பாங்க. மாவு என்ன பண்ணும்?"

குரு மூலையிலிருந்த சொம்பின் தட்டை எடுத்தார். மழைநீர் மாவு பொங்கி வழிந்திருந்தது.

"பனி இந்தச் சொம்புக்கு மட்டும் பெய்யலையா?"

பொன்னுரங்கம் மடியில் மறைத்த சோடாப் பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தார்.

குரு அதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. வெளியே ஓடினார். முதல் கூட்டம் கிணற்றில் வாளியை இறக்கிக்கொண்டிருந்தது.

"குடிக்காதீங்க சாமிகளா!"

கயிற்றை அவிழ்த்தார். தண்ணீருக்கு அடுத்த ஊருக்கு டிராக்டர் அனுப்பினார். கிணற்று நீரில் ஒரு பாட்டில் சோதனைக்குப் போனது. மேற்கே, போன மாதம் திறந்த சாயப்பட்டறையை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

சாமியாராகும் முன் குரு ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். ஆலைக் கழிவுநீரில் நுண்ணுயிர்களை விட்டு, அவை பிழைக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. பொன்னுரங்கத்துக்கும் அது தெரியும். இட்லி மாவோடு சேர்த்து நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

முந்நூறு பேரும் அவலும் வெல்லமும் தின்று, டிராக்டர் தண்ணீரைக் குடித்து, அரோகரா சொல்லி நடந்தார்கள்.

மதியம் குரு கொல்லையில் குழி வெட்டி அண்டா மாவை ஊற்றினார். மண்ணைத் தள்ளி மூடி, மேலே ஒரு செவ்வந்திப் பூவை வைத்துக் கைகூப்பினார்.

பொன்னுரங்கத்துக்கு வெட்கமாக இருந்தது. "சாமி, கெட்டுப்போன மாவுக்கா கும்பிடு?"

"மாவு கெடலை, பெரியவரே. அதுக்குள்ள கோடி உயிர் இருந்துச்சு. அந்த முந்நூறு பேருக்கு முன்னாடி அந்தத் தண்ணியைக் குடிச்சுப் பார்த்தது அதுங்கதான்."

பொன்னுரங்கம் குழியின் முன் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.