ஐந்தாவது வேர்

மைனாக்களுக்குப் பேச்சு இருந்தும் சத்தம் இல்லாத அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஆலமரம்தான் அவற்றின் நாடு. நாட்டுக்காகத் தலைமைப் பறவை மட்டும் பேசும். மற்றவை பொழுது சாய்ந்ததும் வாயை மூடிக்கொண்டு தூங்கிவிடும்.

அப்போது தலைவியாக இருந்தவள் சிலம்பாயி. தாய் தகப்பன் இல்லாமல் எருமை முதுகில் வளர்ந்தவள். பத்து உண்ணி பொறுக்கினால் வாய்க்கால்வரை சவாரி என்று எருமையிடமே பேரம் பேசிப் பிழைத்தவள். கோபம் மூக்குக்கு மேல் வரும். பேரத்தில் தன்னை வெல்ல ஆளில்லை என்ற நினைப்பும் உண்டு.

மரத்தடி வளையில் தானியக் கிடங்கு வைத்திருந்தது மொட்டையப்பன் என்ற பெருச்சாளி. பஞ்சம் வந்தபோதெல்லாம் பழைய தலைவர்கள் அதனிடம் கம்பு கடன் வாங்கினார்கள். அடமானம் ஆலமரத்தின் வேர். தவணை தவறினால் பெருச்சாளி ஒரு வேரைக் கடித்தெறிந்துவிட்டு, அந்த இடத்தில் கிடங்கை அகலமாக்கிக்கொள்ளும். நான்கு வேர் போய்விட்டது. ஐந்தாவதும் போனால் மரம் ஆற்றோடு போய்விடும்.

சிலம்பாயி வளைக்குள் இறங்கினாள்.

"இன்னொரு வேரைத் தொட்டே, கண்ணைக் கொத்திப்புடுவேன்! வெள்ளத்து வருஷம் எங்க பாட்டன்மார் பத்திரமா வெச்சிக்கன்னு குடுத்த கேழ்வரகு எங்கேடா?"

மொட்டையப்பன் மீசையைத் தடவிக்கொண்டது. "யாரு குடுத்தா, யாரு வாங்கினா தாயி? உங்க பழைய தலைவரும் நானும் காதோடு காதா பேசினது. அவர் போய்ச் சேர்ந்துட்டார். சாட்சி இருக்கா? அதை விடு. போன கோடையில நீயும் அப்படித்தானே வந்தே? முப்பது குவியல் கம்பு. அஞ்சாவது வேர் அதுக்குத்தானே அடமானம்? மேலே இருக்கிறவங்களுக்குத் தெரியுமா? நீ பேசாம இரு. நானும் பேசாம இருக்கேன்."

பெருச்சாளி சொன்னது உண்மைதான். போன கோடையில் பசியில் குஞ்சுகள் கதறின. அறுவடை வந்ததும் சத்தமில்லாமல் அடைத்துவிடலாம் என்று சிலம்பாயி கணக்குப் போட்டாள். மழை பொய்த்துவிட்டது.

பொழுது சாயும் நேரம் மேலே வந்தாள். "அக்கா, அவன்தான் நம்ம கேழ்வரகைத் தின்ன திருடன். பழைய கடன்ல ஒரு மணிகூடத் திருப்பிக் குடுக்கக் கூடாது!" என்று இளவட்டம் ஒருவன் குதித்தான்.

தலையாட்டியிருந்தால் போதும். பழைய வஞ்சம் புதிய தப்பை மூடியிருக்கும். சிலம்பாயி கிளை நுனிக்கு நகர்ந்தாள். பிறகு கீழே பார்த்து, "மொட்டையப்பா, வெளிய வந்து நின்னு கேளு!" என்று கத்திவிட்டு மைனாக்கள் பக்கம் திரும்பினாள்.

"போன கோடையில முப்பது குவியல் வாங்கினேன். உங்களைக் கேக்காம வேரை அடகு வெச்சேன். கொத்துறதா இருந்தா கொத்துங்க. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சதையும் சொல்லிட்டுக் கொத்துங்க."

உச்சிக் கிளையில் ஒற்றைக்கண் கிழவி ஒருத்தி வாய் திறந்தாள். "வெள்ளத்துல எங்கம்மா பதினாலு வாய் கேழ்வரகு இவன் வளையில போட்டா."

"எங்க கூட்டுல இருந்து இருபது!"

"அந்தக் கடன் கம்புல ரெண்டு குவியலை நான்தான் பதுக்கினேன்," என்றது ஒரு மைனா, தலையைக் குனிந்தபடி.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. பெருச்சாளி ஒன்றை மறுத்தால் ஒன்பது பதில் வந்தது. பக்கத்து மரத்து அணில்களும் புறாக்களும் எட்டிப் பார்த்தன. அவையும் அதே வளையில் தானியம் போட்டு வைத்தவை. "எங்களோடது பத்திரமா இருக்கா ஐயா?" என்று ஓர் அணில் கேட்டதும் மொட்டையப்பனுக்கு வேர்த்துவிட்டது.

"சரி சரி, சத்தம் போடாதீங்க! பழைய கேழ்வரகு பழைய கடனுக்குச் சரியாப் போச்சு."

"முப்பது குவியல் எங்க கடன். கம்பாவே தருவோம். வேர் இனிமே அடமானம் கிடையாது," என்றாள் சிலம்பாயி.

"அப்போ அவன் கடிச்ச நாலு வேரு?" என்று இளவட்டம் கேட்டான்.

"அது வராது தம்பி. அதையும் தினம் சொல்லிக்கிட்டே இருப்போம். மறந்தாத்தானே அஞ்சாவதைக் கேப்பான்?"

மறுநாளே சிலம்பாயி தலைமையை விட்டு எருமை முதுகுக்குத் திரும்பினாள். இரண்டு அறுவடையில் கடன் தீர்ந்தது. தலைவி இடத்தில் வேறு யாரையும் யாரும் உட்காரவைக்கவில்லை.

அன்று முதல்தான் மைனாக்களுக்குத் தலைவர் கிடையாது. பொழுது சாய்ந்தால் எல்லாம் ஒரே மரத்தில் கூடி, வாங்கியதையும் இழந்ததையும் ஒன்றுவிடாமல் கத்தித் தீர்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுகின்றன.