வலையில் விழுந்த நிழல்

விலங்கும் பறவையும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மானுக்கு மானே பிறப்பதேன், தாயின் நோய் சேயையும் தொடர்வதேன் என்று எவருக்கும் விளங்கவில்லை. கருவிலும் வித்திலும் இறைவன் ஏதோ எழுதி வைத்திருக்கிறான் என்பது மட்டுமே தெரியும். அவ்வெழுத்தின் வடிவத்தைக் கண்டு சொல்பவரின் பெயரை, இனிப் பிறக்கும் ஒவ்வோர் உயிரின் காதிலும் முதற்சொல்லாக ஓதுவோம் என்று யானையரசர் அறிவித்தார்.

அப்பெயர் தன்னுடையதாக வேண்டும் என்று சிலந்தி நுண்ணிழையாள் ஏங்கினாள். அவளை அதுவரை எவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "ஏ பூச்சி" என்பதே வழக்கம். நாள்தோறும் விடியலில் பனித்துளி ஒன்றுக்குள் கீரைவிதையை இட்டு, அதனூடே இளவெயிலை ஓடவிட்டு, விதைக்குள் இருந்த எழுத்து வலையில் வீழ்த்திய நிழலின்மேல் இழை இழையாகத் தைத்தாள். ஓராண்டு கழிந்தபின் இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டி நின்றன. முறுக்கிய கொடியின் நிழல் அப்படித்தான் விழும்.

"என்ன அக்கா, அரசர் சபைக்குப் புறப்படவில்லையா?" என்றான் அடுத்த கிளைப் பல்லி.

"இன்னும் நூறு முறை பார்க்க வேண்டுமப்பா. இறைவன் எழுத்தைப் பிழையாகப் படித்துச் சொன்னால் அபசாரம்."

அவள் புதுப் பனித்துளி தேடிப் போனதும், பல்லி தூக்கணாங்குருவியை அழைத்தான். "தம்பி, வா, ஒரு வேடிக்கை பார். அவளிடம் மட்டும் மூச்சு விடாதே!"

குருவி பார்த்தான், பிளந்த அலகு மூடவில்லை. அன்று மாலைக்குள் புல்லால் பின்னிச் சபையில் வைத்துவிட்டான்: ஏணிபோல் இணைந்து முறுக்கிய இரு கொடிகள். பிரித்தாலோ, ஒவ்வொன்றும் தன் துணையைப் புதிதாய்ப் பின்னிக்கொள்ளும். தாயின் சாயல் சேயிடம் இறங்கும் வழியும் நோய் ஒளிந்திருக்கும் இடமும் அன்றே வெளிச்சமாயின. சபை எழுந்து நின்றது.

நுண்ணிழையாள் ஓடிவந்தாள். "அரசே, அது என் வலையில் விழுந்த நிழல்!"

"பூச்சி பிடிக்கிற வலையில் வேதமா?" என்று குருவி நகைத்தான். "கோடு நீ போட்டிருக்கலாம், தாயே. பொருள் சொன்னவன் நான்."

அவள் சபையோரத்து மரத்தில் ஒட்டியிருந்த பல்லியைப் பார்த்தாள். அவன் மரப்பட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இறைவன் அறிவான், அம்மா" என்றார் யானையரசர்.

"அவன் முன்பே அறிவான், அரசே. அறிய வேண்டியது இந்தச் சபை."

அதற்குள் புதிதாய்ப் பிறந்த கன்றின் காதில் குருவியின் பெயரை ஓதத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று தொட்டுத்தான் தோட்டத்துச் சிலந்தி, வலை நடுவே குறுக்குக்கோடுகளைத் தைத்து, அவற்றின்மேல் கால் பரப்பி மறைத்தபடி காவலிருக்கிறது. பொழுது சாய்ந்ததும், எவர் கண்ணுக்கும் ஓரிழை மிச்சமின்றித் தன் வலையைத் தானே தின்றுவிடுகிறது.