சாட்சி சொன்ன கோழி

பண்ணையார் வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. காவல் பார்த்த சிலம்பாயியைக் கொல்லைக்குக் கூப்பிட்டார் பண்ணையார்.

“பருந்து தூக்குதுன்னு கதை விடாதே. அந்தப் பருந்தை இப்பவே காட்டு. இல்லேன்னா குடிசையைக் காலி பண்ணு.”

“காட்டுறேனுங்க. மாப்பிள்ளை ஐயாவைக் கொஞ்சம் கொல்லைப்பக்கம் வரச் சொல்லுங்க.”

வீட்டோடு இருந்த மாப்பிள்ளை பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை. ஆனாலும் அதுவரை பண்ணையாரின் காலடியில் மேய்ந்த தாய்க்கோழி வீறிட்டுக் கத்தியது. குஞ்சுகள் ஓடிவந்து அதன் இறக்கைக்குள் பதுங்கின.

“அதுக்குத் தெரிஞ்ச பருந்து இதுதாங்க,” என்றாள் சிலம்பாயி, தலையை நிமிர்த்தாமல்.

பண்ணையார் திரும்பி வீட்டுக்குள் போனார். குடிசை தப்பியது.

சாட்சி சொன்ன கோழி மறுநாள் மாப்பிள்ளைக்குக் குழம்பானது. மசாலா அரைத்த சிலம்பாயியின் காலைச் சுற்றிக் குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன.