கழட்டாத வளையல்

மதுரைப் பக்கம் கும்மிப்பாட்டு என்றால் மாசிலாமணிதான் என்று மாசிலாமணியே சொல்லிக்கொள்வார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கேசட்டில் வந்த தன் பாட்டைப் புதுசாக்கி வெளியிட, பரிவாரத்தோடு ஸ்டூடியோவில் வந்து இறங்கினார். அன்று கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் உதவியாளர் ரூபி.

"என் குரல் மட்டும்தான் எடுப்பா கேக்கணும். மத்ததையெல்லாம் அமுக்கிடு. ஆனா பாட்டோட உசுரு போச்சுன்னா, நாளைக்கு உனக்கு இங்க வேலை இருக்காது."

எல்லாரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்று பாடிய பாட்டு. எதை எப்படிப் பிரிப்பது? ரூபி மல்டிபேண்ட் கம்ப்ரசரைத் திறந்தாள். அது பாட்டை அடி ஓசை, நடு ஓசை, உச்சி ஓசை என்று பிரித்து, வேண்டியதை மட்டும் அமுக்கும். நடுவில் இருந்த அவர் குரலைத் தொடாமல், அடியையும் உச்சியையும் அழுத்தி அமுக்கினாள்.

கேட்ட மாசிலாமணி துள்ளி எழுந்தார். "கொன்னுட்டியே! உசுரு எங்க?"

"ஐயா குரல் அப்படியேதான் இருக்கு. உசுரு எதுல இருக்குன்னுதான் எனக்குத் தெரியல. ஒவ்வொண்ணா விடுறேன், வந்ததும் சொல்லுங்க."

அடியை விட்டாள். மேளம் வந்தது. "ஊஹூம்" என்றார். உச்சியை விட்டாள். கும்மி தட்டும் பெண்களின் கையோசையும், கூடவே கண்ணாடி வளையல் குலுங்கலும் வந்தன.

"இதுதான்! இதேதான்!"

"இது உங்க குரல் இல்லீங்களே, ஐயா."

பரிவாரம் கூரையைப் பார்த்தது. மாசிலாமணி மெல்ல உட்கார்ந்தார்.

"வளையலைக் கழட்டிட்டுத் தட்டுங்கன்னு அன்னைக்குக் கத்தினேன். கும்மி தட்டுன பொண்ணுங்கள்ல அன்னக்கொடி மட்டும் முடியாதுன்னுட்டா."

மறுபடி போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

"என் குரலைக் கொஞ்சம் அமுக்கும்மா. வளையல் சரியாக் கேக்கல."