இரண்டாங்குடி

இரண்டாங்குடிச் செங்கோடனுக்கு மீசை வெளுத்ததே ஒழிய ரோஷம் வெளுக்கவில்லை. அறுபது வயதில்தான் குன்றடி மடத்துச் சாமியம்மாவிடம் போய்ச் சீடராகச் சேர்ந்தார். சாமியம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனால் குரு சீடரைப் "பெரியவரே" என்பார், சீடர் குருவை "அம்மா" என்பார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

அன்று காலை மடத்துக்குள் நுழையும்போதே மனுஷன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு நியாயம் சொல்லோணும்."

"உக்காந்து கேளுங்க. மூச்சு வாங்குதே."

செங்கோடன் உட்காரவில்லை.

"இந்த இடம் வெறும் காடாக் கெடந்தப்ப மொதல்ல வந்தது என்ற பூட்டன். ஒண்டி ஆளு. கையில கடப்பாரை, இடுப்புல அருவா, அவ்வளவுதான் சொத்து. முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, கெணறு தோண்டி வெள்ளாமை பண்ணினாரு. அதுக்கப்புறம் மாரப்பனோட பூட்டன் வந்து பக்கத்துல குடிசை போட்டாரு. அப்புறந்தான் மத்தவங்க. இன்னிக்குச் சந்தை இருக்குது, கடைவீதி இருக்குது, இங்கிருந்து போனவங்களே அக்கம்பக்கத்துல ரெண்டு ஊரு உண்டாக்கிட்டாங்க. சரிதானுங்களா?"

"சரிதான்."

"அப்ப இது முதற்குடிதானே? இதுக்குப் போயி ரெண்டாங்குடின்னு எவனாச்சும் பேரு வெப்பானா? வெச்சது வேற யாருமில்லீங்க, என்ற பூட்டனேதான்! பாவம், எண்ணத் தெரியாத மனுஷன்."

விஷயம் இதுதான். மறுநாள் ஊர் எல்லையில் பேர்க்கல் நடப்போகிறார்கள். பேரை முதற்குடி என்று மாற்றியே ஆக வேண்டும் என்று சில நாள் முன்பு நடந்த ஊர்க்கூட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றார் செங்கோடன். "இருக்கிற பேரே இருக்கட்டுமேடா" என்றார் மாரப்பன். வந்த கோபத்தில் செங்கோடன் வார்த்தையை விட்டுவிட்டார்.

"பின்னால வந்தவங்க பின்னாலயே நில்லுங்க."

கூடவே மாடு மேய்த்தவர், ஒரே சட்டியில் கம்பஞ்சோறு தின்றவர் மாரப்பன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து பேச்சில்லை. செங்கோடனுக்கு அது உள்ளுக்குள் அறுத்தது, ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஊரோ, "உன் பூட்டன் வெச்ச பேரு, நீயே முடிவு பண்ணு" என்று பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டது. கல்தச்சர் உளியோடு காத்திருந்தார்.

சாமியம்மா எழுந்தார்.

"வாங்க பெரியவரே, அந்தக் கெணத்தைப் பார்த்துட்டு வரலாம்."

கிணறு கோடையில் வறண்டு கிடந்தது. படி கிடையாது.

"பேர்க்கல்லுக்கு அடியில போட, பூட்டன் வெட்டின கெணத்து மண்ணு ஒரு பிடி வேண்டாமுங்களா?" என்றார் சாமியம்மா.

செங்கோடனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கிணற்றோரத்து வேப்பமரத்தில் கயிற்றைக் கட்டி, வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினார். ஒரு பிடி மண்ணை அள்ளித் துண்டில் முடிந்து நிமிர்ந்தால், கயிற்றைக் காணோம்.

"அம்மா! கயிறு!"

"எங்கிட்டத்தான் இருக்குது."

"போடுங்க, மேல வரோணும்."

"உங்க பூட்டன் ஒண்டி ஆளாத்தானே வெட்டினாரு? அவரு எப்படி மேல வந்தாரோ அப்படியே வாங்க."

செங்கோடன் சிரித்தார். மேலிருந்து சிரிப்பு வரவில்லை. கல்லில் கால் வைத்து ஏறிப் பார்த்தார். வழுக்கி விழுந்து முழங்கை சிராய்த்தது.

"வெளையாடாதீங்க அம்மா!"

அண்ணாந்து பார்த்தால் வட்டமாய்க் கொஞ்சம் வானம், அவ்வளவுதான். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது அந்தக் கத்தல்.

"மாரப்பா! டேய், மாரப்பா!"

பக்கத்திலிருந்த மாரப்பன் தோட்டத்திலிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். கிணற்று விளிம்பில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"என்னடா ஆச்சு? அடிபட்டுருச்சா? இருடா, இரு, வந்துட்டேன்!"

சாமியம்மா கயிற்றை நீட்டினார். மாரப்பன் வாங்கி மரத்தில் கட்டி, உள்ளே வீசி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மேலே வந்து விழுந்த செங்கோடனின் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். தட்டினாரா, அடித்தாரா என்று சொல்வது கஷ்டம்.

"இந்த வயசுல கெணத்துல எறங்கறியே, புத்தி இருக்குதாடா உனக்கு?"

"இல்லடா" என்றார் செங்கோடன். கண் கலங்கிவிட்டது. மாரப்பன் கையை அவர் விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சாமியம்மாவைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"ஆனாலும் அம்மா, மொதல்ல வந்தது பூட்டன்தானுங்களே? எண்ணத் தெரியாமத்தானே அந்தப் பேரை வெச்சாரு?"

சாமியம்மா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

"நல்லா எண்ணத் தெரிஞ்சவருங்க. ஒண்டியா இருக்கறப்ப எண்ணறதுக்கு என்ன இருக்குது, பெரியவரே? இவரு பூட்டன் வந்து நின்ன அன்னிக்கு 'ரெண்டு'ன்னு வாய்விட்டு எண்ணியிருக்காரு. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் இது காடுதானுங்களே."