எட்டரை மணிப் பதிவேடு

ஓர் ஆறு இருந்தது, கரைக்கொரு நாடு. இரண்டு கரையிலும் ஒரே மாதிரி மழைமானி, ஒரே மாதிரி அபாயச் சங்கு.

அக்கரையில் மழைமானி பாதி நிறைந்ததுமே சங்கைக் கூப்பிடும், சங்கு ஊதிவிடும். இக்கரையிலோ இரண்டுக்கும் நடுவில் ஒரு பதிவேடு சட்டமாக உட்கார்ந்திருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இக்கரை மழைமானிக்குக் கழுத்துவரை நீர். அதன் வேலியில் தினமும் சேலை உலர்த்தும் பூவாயியின் குடிசை, ஆற்றோரக் கீழ்த்தெருவில் இருந்தது. உள்ளே அவள் புருஷன் கால் முறிந்து கிடந்தான். மழைமானி பதிவேட்டைக் கூப்பிட்டது.

"பதிவேடே, எழுது! ஆறு ஏறுது!"

"மணி என்ன?"

"மத்தியானம் ரெண்டு."

"காலை எட்டரைக்குத்தானே உன்னைக் கேட்பேன்? நாளைக்குச் சொல்லு."

"நாளைக்கு நீ இருப்பே. அந்தக் குடிசை இருக்குமா?"

"குடிசைக்கு என்கிட்ட கட்டம் இல்லை."

மழைமானி சங்கிடம் கெஞ்சியது. "அண்ணே, நீயாவது வாயைத் திற!"

"திறப்பு விழாவுல ஊதினதோட சரி, தம்பி. பதிவேடு சொல்லாம ஊதினா என்னைக் கழற்றிப் போட்டுருவாங்க."

அந்நேரம் அக்கரைச் சங்கு அலறியது. பூவாயி ஓடிவந்து, சங்கடியில் குடையோடு நின்ற காவலாளியைக் கேட்டாள்.

"ஏண்ணே, அங்க ஊதுதே?"

"அது அவங்க நாட்டு மழைக்கு. நமக்கு உத்தரவு வரல. உள்ள போ."

"மழை பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டா வருது? நல்லா வந்து வாய்ச்சியே நீ!"

புருஷனை முதுகில் சுமந்துகொண்டு, கீழ்த்தெரு முழுக்கக் கூவியபடியே மேட்டுக்கு ஓடினாள். சிலர் பின்னால் வந்தார்கள். சிலர், "நம்ம சங்கு ஊதட்டும், பார்த்துக்கலாம்" என்று இருந்துவிட்டார்கள்.

விடிந்தபோது கீழ்த்தெருவில் ஏழு வீடுகள் இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. இருந்துவிட்டவர்கள் யாருமில்லை. மேட்டிலிருந்து ஒப்பாரி கேட்டது.

சரியாக எட்டரைக்குப் பதிவேடு பக்கத்தைப் புரட்டியது. "ம், இப்போ சொல்லு. எவ்வளவு பெய்தது? புள்ளிகூடப் பிசகக் கூடாது."

மழைமானி அப்படியே சாய்ந்து, வயிற்றிலிருந்த அத்தனை நீரையும் பதிவேட்டின் மேல் கவிழ்த்தது. பக்கமெல்லாம் மை கரைந்து ஓடியது.

"ஐயோ, நனையுதே! யாராவது ஓடி வாங்களேன்!" என்று பதிவேடு ஊரே அதிரக் கத்தியது.

"ஒரு செம்புத் தண்ணிக்கு இந்தக் கத்து கத்தத் தெரியுதே," என்றது மழைமானி. "நேத்து எங்கே வெச்சிருந்தே இந்தத் தொண்டையை?"