பனிமலை ஏறின இட்லி மாவு

சரி, காலைப் போர்வைக்குள்ள வை. தாத்தா சொல்லச் சொல்ல நீ "ம்" போடணும். போடலன்னா நான் என்ன சுவத்துக்கா கதை சொல்றேன்?

வடக்க, ரொம்ப ரொம்பத் தூரத்துல, ஒரு பனிமலை. அந்த மலையில ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரே ஒரு தமிழ் வீடு. அதுல கோமுன்னு ஒரு பொண்ணு இருந்தா. அவ புருசன் ரோட்டுல பனி தள்ளுற வண்டி ஓட்டுறவன், போனா பத்துப் பதினைஞ்சு நாள் கழிச்சுத்தான் வருவான். பாவம், கோமு தனியா உக்காந்து அடுப்புகிட்ட பேசிக்கிட்டிருப்பா. அப்போதான் அவ மாமியார் முத்துப்பேச்சி திருநெல்வேலியில இருந்து வந்து சேர்ந்தா. வந்ததுல இருந்து வீட்டுல ஒரே சத்தம். பாதி ஏச்சு, பாதி சிரிப்பு. கோமுக்கு அவ்வளவு சந்தோசம்.

ம் எங்க? ஆங், அப்படி.

ஆனா பாரு, அந்தக் குளிர்ல இட்லி மாவு பொங்கவே மாட்டேங்குது. அரைச்சு வச்சு மூணு நாளானாலும் அசையாம கிடக்கு. பத்து நாளா ரஸ்க்கைத் தின்னு பாத்தா மாமியார். பதினோராம் நாள் விடியும்போதே சொல்லிட்டா.

"இட்லி வேகாத ஊர்ல எனக்கென்னட்டி சோலி? நாளைக்கு பஸ் ஏத்தி விட்டுரு."

கோமுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. இவளும் போயிட்டா மறுபடி அடுப்புதானே துணை? நேரா பக்கத்து வீட்டு டோல்மாகிட்ட ஓடினா.

"மேல கோயில்கிட்ட ஒரு வெந்நீர் ஊத்து இருக்கு, எப்பவும் கொதிக்கும்"னா டோல்மா. "மாவை அது பக்கத்துல வச்சா பொங்காமலா போகும்? இப்பப் போனா இருட்டுறதுக்குள்ள திரும்பிரலாம்."

சொல்லிட்டு ரெண்டு சோடி பனிச்செருப்பும் குடுத்தா. சாதாரணச் செருப்பா அது? முறம் அகலத்துக்கு இருக்கும்! அதைக் கட்டிக்கிட்டாத்தான் பனியில கால் புதையாது.

அப்புறம், மாவைத் தூக்குவாளியில ஊத்தி, மாமியார் தன் வயித்தோட சேத்துக் கட்டிக்கிட்டா. அதுக்கு மேல ரெண்டு ஸ்வெட்டர், மூணு கம்பளி. "உன்கிட்ட குடுத்தா சிந்திருவ"ன்னு ஒரு ஏச்சு வேற. கிளம்பிட்டாங்க ரெண்டு பேரும். சரக்... சரக்... சரக்... வாத்து மாதிரி காலை அகட்டி அகட்டி.

கொஞ்ச தூரம் போனதும் கோமு தன் செருப்பைத் தானே மிதிச்சா. தொபுக்! மூஞ்சி முழுக்கப் பனி. மாமியார் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறா. வயித்தை இல்ல, வாளியை.

அப்புறம் ஒரு சரிவு. இப்ப மாமியார் முறை. சர்ர்ர்ர்ருன்னு உக்காந்தபடியே கீழ போறா, போறா, போய்க்கிட்டே இருக்கா.

"அத்தை! அத்தே!"

"மாவு பத்திரம்ட்டி!"ன்னு கீழ இருந்து சத்தம் மட்டும் வருது.

மறுபடி ஏறி வர ஒரு மணி நேரம். பனிமலையில வேர்த்துக் கொட்டுது மாமியாருக்கு! தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்புறம் உச்சிக்கு வந்தாச்சு. அந்தப் பக்கம் கோயில், இந்தப் பக்கம் ஊத்துல ஆவி குபுகுபுன்னு. அங்கதான் மாமியார் ஒரு காரியம் பண்ணா. கோயிலைப் பாத்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டு, செருப்பைக் கழட்டி ஓரமா வச்சிட்டா! சாமிகிட்ட செருப்போட போவாளா நம்மாளு? ஒரே ஒரு அடி எடுத்து வச்சா. பொதக்! இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டா.

கோமு ஓடி வந்து இழுக்கிறா, வரல. அப்போ மாமியார் முகம் வெளுத்துருச்சு.

"ஏட்டி... வயித்துல வெதுவெதுன்னு என்னமோ வழியுதுட்டி. ரத்தமா?"

"ஐயோ அத்தை, மாவும் வேண்டாம், இட்லியும் வேண்டாம். நீங்க ஊருக்கே போனாலும் சரி, நல்லா இருந்தா போதும்!"

கோமு அழுதுக்கிட்டே கம்பளிக்குள்ள கையை விட்டா. கையை எடுத்தா, வெள்ளை வெளேர்னு நுரை. மோந்து பாத்தா, புளிச்ச வாசனை!

வேற என்ன? மாவுதான்! ஏறி இறங்கி வேர்த்த சூட்டுல வயித்துலயே பொங்கி, மூடியைத் தள்ளிக்கிட்டு பொளபொளன்னு வருது! ரெண்டு பேரும் பனிக்குள்ள இருந்தபடியே சிரிச்ச சிரிப்புல கோயில் காக்காயெல்லாம் பறந்துருச்சு.

அப்புறம் பனிச்செருப்பைப் பக்கத்துல போட்டு, அதுல கை ஊனி, ஒரு வழியா வெளிய வந்தா மாமியார். செருப்பை மாட்டிக்கிட்டுத்தான் சாமி கும்பிட்டா. "தப்பா நினைக்காத சாமி, கழட்டினா நேரா உன்கிட்டயே வந்துருவேன்"னா. வாளியை ஊத்துல இறக்கினாங்க. தள தள தளன்னு கொதிக்குது. வெந்து வந்துச்சு பாரு, வாளி அளவுக்கு ஒரே ஒரு இட்லி! முதல் துண்டை ஊதி ஊதி மருமக வாயில வச்சுட்டுத்தான் மாமியார் சாப்பிட்டா.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்தாச்சு. வந்ததும் மாமியார் அரிசியை ஊறப் போடுறா.

கோமு மெதுவா கேட்டா, "அத்தை, காலையில பஸ்சு...?"

"நான் போயிட்டா மாவை யாருட்டி வயித்துல கட்டிக்கிட்டுக் கிடப்பா? நீயா? கட்டில்ல உருண்டு உருண்டு படுக்கிறவ!"

அரிசி ஊறியாச்சு, கதை ஆறியாச்சு. தூங்கு ராசாத்தி.